சிறு கடைகளின் ருசியைச் சீர்தூக்குதல்

திண்டுக்கல்லுக்குப் புதிதாக வருகிற ஒருவர் ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ இறங்கி, வயிறாரச் சாப்பிட நல்ல கடை எது என்று விசாரித்தால், பதில் சொல்பவர் ஆட்டோ ஓட்டுபவராயினும் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியாயினும் கல்லூரி மாணவராயினும், பெரும்பாலும் பிரியாணி என்னும் ஒரே பதார்த்தத்தையும் அதனால் பிரசித்தி அடைந்த இரண்டு மூன்று கடைகளையும் சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடுவார். அந்தப் பதிலில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், விடியற்காலையில் முதல் ஈட்டு இட்டலி இறங்குவது தொடங்கி இரவில் கடைசிப் பரோட்டா கல்லை விட்டு எழுவது வரையில் ஓயாமல் சமைத்துக்கொண்டிருக்கிற ஓர் ஊரை ஒரே தட்டுக்குள் அடக்கிவிடுவது அவ்வூருக்கு நியாயம் செய்வதாகாது என்பதும், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக எழுதி மாட்டாத எத்தனையோ கடைகளில் நாள்தோறும் நடக்கிற சிரத்தையான வேலையை யாராவது நிதானமாக ஆராய்ந்து எழுதவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். சினிமாவுக்கும் சங்கீதக் கச்சேரிக்கும் விமர்சனம் எழுதப் பழகிய நாம், தினமும் மூன்று வேளை நம் உடம்புக்குள் போகிற உணவைச் சமைப்பவரின் வேலையைப் பற்றி மட்டும் 'சூப்பர்', 'சுமார்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிரியாணியைப் பற்றியே முதலில் பேசுவோம். நாகசாமி நாயுடு என்பவர் 1957-ஆம் வருஷம் இந்நகரில் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' என்ற பெயரில் ஒரு கடையைத் தொடங்கினார். அவர் தலைப்பாகை கட்டும் வழக்கமுடையவராதலால், ஜனங்கள் பலகையில் எழுதியிருந்த பெயரை விட்டுவிட்டுத் தலைப்பாக்கட்டிக் கடை என்றே அழைக்கலானார்கள். அந்தப் பெயரே நிலைத்து, பிற்காலத்தில் சென்னையிலும் கடல் கடந்த நகரங்களிலும் கிளைகளுக்கு உரியதாகி, அதன் உரிமைக்காக நீதிமன்றத்தில் வழக்காடும் அளவுக்கு மதிப்புப் பெற்றது. இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்வது ஒன்றே: பின்னாளில் இத்தனை பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது, ஆரம்பத்தில் ஓர் ஊர்க்கடை, பத்திரிகை விளம்பரமும் நட்சத்திரக் குறியும் இல்லாத காலத்தில், சாப்பிட்டு எழுந்தவர்கள் அடுத்தவரிடம் சொன்ன வாய்வார்த்தையே அதற்கு விமர்சனமாக இருந்தது.

அந்த வாய்வார்த்தை சொன்னவர்களுக்கு இன்றைய எழுத்தாளர் பலருக்கு இல்லாத ஓர் அனுகூலம் இருந்தது. தட்டில் விழுந்த ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். 1985-இல் மதுரை ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான இந்தப் பிரதேசம், ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் பழனி மலைத்தொடரும் காவல் நிற்க, நடுவே பரந்த வறண்ட சமவெளி. மழை குறைந்த இந்நிலத்தில் ஆடு வளர்ப்பது குடியானவனுக்குப் பெரிய ஆதாரம். கன்னிவாடிப் பக்கத்து ஆட்டுக்கு இறைச்சிக் கடைகளில் தனிப் பெயர் உண்டு. ஆட்டுத்தோலைப் பதனிடும் தொழில் பேகம்பூர் முதலிய இடங்களில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற மொத்த வியாபாரச் சந்தை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கேரளத்துக்குக் காய்கறி ஏற்றி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தையோ பழனிச் சாலையில் சிறிது தூரத்தில். ஆகவே இவ்வூர்ச் சமையற்காரர் சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போடுவது ஆடம்பரத்துக்காக அன்று. கைக்கு எட்டுகிற பொருளைக் கொண்டு சமைத்துப் பழகியதாலேயே அந்த ருசி இவ்வூருக்கு உரியதாயிற்று.

இவ்வூர்ப் பிரியாணியின் உயிர் சீரகச் சம்பா அரிசி. குட்டையாய், மெல்லியதாய், தனக்கென ஒரு நறுமணம் உடையதாய் இருக்கும் அந்த அரிசி, வெந்த பிறகும் நீண்டு அழகு காட்டாது. ஆனால் தான் கிடக்கும் சாற்றை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஹைதராபாத்துக் கச்சிப் பிரியாணியில் மசாலாவில் ஊறிய பச்சைக் கறியின்மேல் அரைவேக்காட்டு பாசுமதி அரிசியை அடுக்கித் தம் போடுகிறார்கள். ஆம்பூரிலோ அரிசியைத் தனியே பாதி வேகவைத்து வடித்துக் கறியோடு சேர்க்கிறார்கள். திண்டுக்கல்லில், அரைத்த மசாலாவும் மிளகும் தயிரும் சேர்ந்து வெந்த கறிச் சாற்றிலேயே, நீரை அளந்து ஊற்றி, ஊறிய அரிசியைப் போட்டு வேகவைத்து, பதம் வந்ததும் அண்டாவை மூடி, மூடியின்மேல் தணலைப் பரப்பித் தம் போடுவது வழக்கம். மேலும் கீழுமாக இளஞ்சூடு நிற்கிற அந்த நேரத்தில், வெளியே போக வழியில்லாத நீராவி அரிசி முழுவதும் சமமாகப் பரவுகிறது; எஞ்சிய வேக்காட்டை அதுவே முடித்துவைக்கிறது. ஆம்பூர்ப் பிரியாணிக்கு மிளகாய் விழுது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு இவ்வூருக்கு மிளகு. அங்கே கத்தரிக்காய்க் குழம்பு பக்கத்தில் வரும், இங்கே தால்சாவும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும் வரும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண் கேள்வி. ஒரு பிரியாணியை அதன் ஜாதிக்குள்ளே வைத்துத்தான் அளக்கவேண்டும். திண்டுக்கல் அரிசி பாசுமதியைப்போல் நீளவில்லை என்று குறைப்படுகிறவருக்குத் தாம் எதைச் சாப்பிட உட்கார்ந்தோம் என்பதே தெரியவில்லை என்றுதான் பொருள்.

எனவே ஒரு பிரியாணிக் கடையைப் பற்றி எழுத முற்படுகிறவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, குஸ்கா வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதே. கறித்துண்டு இல்லாத வெறும் பிரியாணிச் சோறான குஸ்காவை, கையில் காசு குறைந்தவர்களின் உணவு என்று பலர் கருதுகிறார்கள். பரிசோதிப்பவருக்கு அதைப்போல் உண்மை பேசும் பதார்த்தம் வேறில்லை. நல்ல கறி, சுமாரான சோற்றின் குறையை மறைத்துவிடும். கறியில்லாத இடத்திலோ, சாறு அரிசிக்குள் இறங்கியிருக்கிறதா, உப்பு ஒரே சீராக நிற்கிறதா, மசாலா மேலே மட்டும் பூசினாற்போல் இருக்கிறதா, அடிப்பிடித்த வாடை கலந்திருக்கிறதா என்பதெல்லாம் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கறிக்குப் போகலாம். துண்டு சிறிதாக வெட்டப்பட்டிருப்பது இவ்வூர் வழக்கமாதலால் அதைக் கஞ்சத்தனம் என்று எழுதிவிடக்கூடாது.

இன்னொன்று நேரம். பகல் பன்னிரண்டரை மணிக்கு அண்டா திறந்தவுடன் கிடைப்பதும், மூன்றரை மணிக்கு அடியில் மிஞ்சியிருப்பதும் ஒரே சமையலாயினும் ஒரே உணவு அல்ல. எந்த வேளையில் உட்கார்ந்தோம் என்பதைச் சொல்லாமல் எழுதப்படும் தீர்ப்பு, படிப்பவருக்கும் உபயோகப்படாது, கடைக்காரருக்கும் நியாயமாகாது.

ஓட்டல் விமர்சனத்துக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியவர் என்று அமெரிக்காவில் கிரெய்க் கிளெய்போர்னைச் சொல்வார்கள். நாகசாமி நாயுடு கடை திறந்த அதே 1957-இல் அவர் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் உணவுப் பகுதிக்கு ஆசிரியரானார். முன்கூட்டி அறிவிக்காமல் போவது, ஒரே கடைக்குப் பலமுறை போவது, சாப்பிட்டதற்குப் பத்திரிகையே பணம் கொடுப்பது ஆகிய வழக்கங்கள் அவரால் வலுப்பெற்றன. கிளெய்போர்ன் பெரும்பாலும் எழுதியது பெரிய ஓட்டல்களைப் பற்றி. நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜோனதன் கோல்ட். வாலிபத்தில் அவர் பிகோ என்ற நீண்ட சாலை நெடுகிலும் இருந்த உணவுக்கடை ஒவ்வொன்றிலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டார். குடியேறி வந்த ஏழை ஜனங்கள் நடத்தும் சிறு கடைகளையும் தெருவோர வண்டிகளையும் பற்றி, பெரிய மாளிகை விருந்தைப் பற்றி எழுதும் அதே மரியாதையோடு எழுதினார். 2007-இல் அவருக்கு விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. உணவுக்கடை விமர்சகர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. திண்டுக்கல்லின் ரத வீதிகளையோ, நெசவோடு வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்கள் திரளாக வாழும் நாகல் நகரையோ, பேகம்பூரையோ ஒருவர் அதே சங்கற்பத்தோடு கடை கடையாகச் சாப்பிட்டுக்கொண்டு போனால், நம் மொழிக்கு ஓர் அருமையான புஸ்தகம் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணம் கொடுத்துச் சாப்பிடவேண்டும் என்ற விதியைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருப்பவர் அன்போடு உபசரித்து அனுப்பிய தட்டுகளை ருசித்து, அந்த உபசாரத்தையே உணவின் குணமாக வர்ணிக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அப்படி எழுதப்படும் புகழ்ச்சியால் முதலில் நஷ்டமடைகிறவர் கடைக்காரரே. நாற்பது பேருக்குச் சமைத்துப் பழகிய அடுப்பின் முன்னால் மறுவாரம் நானூறு பேர் வந்து நிற்கும்போது, அரிசி ஊறும் நேரம் குறைகிறது, தம் அவசரப்படுகிறது, பழைய வாடிக்கைக்காரர் வேறு கடை தேடிப் போகிறார். பழிக்கும் வார்த்தையின் கொடுமையோ இன்னும் பெரிது. கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையும் ஓர் உதவியாளுமாக நடத்துகிற கடையில், தொண்ணூறு நாள் நன்றாக இருந்து ஒரு நாள் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதை ஊரறிய எழுதினால், அந்த எழுத்து அவர்கள் அடுப்பையே அணைத்துவிடக்கூடும். குறையை மறைக்கச் சொல்லவில்லை. குறை ஒரு நாளைய தவறா, அந்தக் கடையின் சுபாவமா என்று தெரிந்துகொள்ளும் வரையில் எழுதாமல் பொறுத்திருக்கச் சொல்கிறேன். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் அருமையான இட்டலியும் மாலையில் சுமாரான தோசையும் தருகிற கடைக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தால், அந்த எண்ணைப் பார்த்து எந்த வேளையில் போவது என்பதை யார் அறிந்துகொள்ள முடியும்?

இட்டலிக் கடைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை அளக்கும் கலையில் தமிழர் எல்லோரும் பிறவி வல்லுநர்கள். பேக்கரிகளுக்கு வருவோம். அவற்றைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது.

தெருமுனைக்கு ஒன்றாக இருக்கிற டீக்கடையும் பேக்கரியும் சேர்ந்த கடைதான் இன்று நம் நகரங்களின் பொதுச் சாவடி. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மின்விளக்கின் சூட்டில் முட்டை பப்ஸும் காய்கறி பப்ஸும், பக்கத்துத் தட்டுகளில் க்ரீம் பன்னும் தேங்காய் பன்னும் தேன்கேக்கும், ஜாடிகளில் பட்டர் பிஸ்கட்டும் உப்பு பிஸ்கட்டும் பொறையும் நிரம்பியிருக்கும். இக்கலை நமக்கு மேற்குக் கரை வழியாகவும் வந்தது. மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பாக்டரியைத் தொடங்கி, 1883-இல் ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி காட்டிய மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்த வரலாறு பிரசித்தமானது. தமிழ்நாட்டு ஊர்களில் பேக்கரித் தொழிலைப் பரப்பியவர்களில் மலையாளிகளின் பங்கு கணிசமானது. தூத்துக்குடிக்கு முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூனும், உதகைக்கு வர்க்கியும் வாய்த்ததுபோல் ஊர்ப்பெயரோடு விளங்கும் ஒரு பேக்கரிப் பண்டம் திண்டுக்கல்லுக்கு இல்லை. ஆகையால் இங்கே எல்லா ஊரிலும் கிடைக்கிற சாதாரணப் பண்டங்களையே அளக்கவேண்டியிருக்கிறது. சாதாரணப் பண்டத்தைச் சரியாகச் செய்வதற்குத்தான் அதிக சாமர்த்தியம் வேண்டும்.

பப்ஸை எடுத்துக்கொள்வோம். பிசைந்த மைதா மாவைப் பரப்பி, மேலே கெட்டியான கொழுப்பைத் தடவி, மடித்து, மறுபடி பரப்பி, மறுபடி மடித்து, இப்படிப் பலமுறை செய்வதால் மாவும் கொழுப்பும் தாள் தாளாக மாறி மாறி அமைகின்றன. அடுப்பின் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி எழும்போது கொழுப்புப் படலம் ஒரு தாளை மற்றொரு தாளோடு ஒட்டாமல் காப்பதால், முழுவதும் மேலெழும்பி மொறுமொறுப்பாகிறது. கொழுப்பு இளகிவிட்டால் மாவோடு கலந்து அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத பின்கட்டில் நின்று அடுக்குக் கலையாமல் பப்ஸ் போடுகிறவரின் கைத்திறனை அறிந்தவர் அதை அலட்சியமாகப் பேசமாட்டார். கடைகளில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரின் அல்லது வனஸ்பதி சேர்ப்பது விலைக்காக மட்டும் அன்று, சூட்டில் அது எளிதில் இளகாது என்பதற்காகவும்தான். ஆயினும் உண்ணுகிறவருக்குச் சோதனை ஒன்று உண்டு: பப்ஸைத் தின்று முடித்த பின் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் நின்றால், கொழுப்பு மட்டமானது அல்லது அளவு கூடிவிட்டது. இத்தகைய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அமலில் இருக்கிறது.

"அண்ணே, பப்ஸ் எப்ப இறங்கும்?" என்று கேட்டு, "பதினோரு மணிக்கு வாங்க தம்பி, சூடா தர்றேன்" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு மறுநாள் அந்த நேரத்துக்குப் போகிறவரே பேக்கரியைப் பற்றி எழுதத் தகுதி பெறுகிறார். தேன்கேக்குக்கு வேறு அளவுகோல். பாகு அடிவரை இறங்கியிருக்கவேண்டும், ஆனால் விரலால் எடுக்கும்போது கேக் உடையக்கூடாது. மேலே தடவிய ஜாம் ரப்பர்போல் இழுபடக்கூடாது. பன்னைப் பிய்த்தால் இழை இழையாக வரவேண்டும்; ஈஸ்ட் வாடை தூக்கலாக அடித்தால் மாவு பொங்குவதற்கு வேண்டிய பொழுதைக் கொடுக்காமல் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். பொறையோ, சுட்ட ரொட்டியை வெட்டி மறுபடி சுட்டு ஈரத்தைப் போக்கியது. அதை டீயில் தோய்த்தால் கரைந்து கீழே விழாமலும், கல்லாய் நிற்காமலும் வாய்க்குள் வந்து சேரவேண்டும்.

ருசியோடு சேர்த்துச் சுத்தத்தையும் சொல்வது எழுதுகிறவரின் கடமை. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது முதல், சிறியதோ பெரியதோ ஒவ்வொரு உணவுக்கடையும் பதிவோ உரிமமோ பெற்று அதன் 14 இலக்க எண்ணைப் பார்வைக்கு வைக்கவேண்டும். மாலையில் பஜ்ஜியும் வடையும் பொரிகிற சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, கண் எரியப் புகை கிளம்பினால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். அப்படிச் சிதைந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கலாகாது என்பது சட்டம். அச்சடித்த செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தைச் சுற்றித் தருவதும் தடுக்கப்பட்டது, ஏனெனில் மையிலுள்ள ரசாயனங்கள் எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்குகின்றன. ஷவர்மா முதலிய புதுப் பண்டங்களோடு வந்த மயோனைஸில் பச்சை முட்டை சேர்ப்பதால் கிருமிகள் பெருக இடமுண்டு என்று கண்ட தமிழக அரசு, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அத்தகைய மயோனைஸைத் தடைசெய்தது. கடைக்காரரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு இவை ஆயுதமாகிவிடக்கூடாது. வாழையிலை பரப்பி வடை வைத்துத் தருகிற பாட்டியின் கடையில் இவற்றில் பாதி விதிகள் தாமாகவே நிறைவேறியிருப்பதைப் பார்க்கலாம், அதையும் எழுதவேண்டும்.

பொழுது சாய்ந்த பிறகு நகரம் பரோட்டாக் கல்லின் பக்கம் திரும்புகிறது. எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்து, தட்டி, விசிறி, காற்றில் வீசிக் கண்ணாடிபோல் மெல்லியதாக்கி, சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தாக அடுக்கி இரு கைகளாலும் அடித்து இழை பிரிக்கிற மாஸ்டரின் வேலையைக் காண்பதே ஒரு வித்தை பார்ப்பது. பரோட்டாவைவிட சால்னாவில்தான் கடைக்குக் கடை வேற்றுமை அதிகம். தேங்காயும் கசகசாவும் அரைத்து எலும்புச் சாற்றோடு கொதித்த சால்னாவுக்கும், மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய சால்னாவுக்கும் உள்ள பேதம், அதைப் பரோட்டாவின்மேல் ஊற்றிச் சிறிது நேரம் காத்திருந்தால் தெரியும். முன்னது இழைக்குள் இறங்கும். பின்னது மேலேயே நின்று ஆடை கட்டும்.

இந்தக் கடைகளில் ருசி குடியிருப்பது பெயர்ப்பலகையில் அன்று, மாஸ்டரின் கையில். கூலி கூடுதலாகக் கிடைத்தோ, சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பாமலோ அவர் மாறிவிட்டால், மறுநாளே அந்தக் கடை வேறு கடையாகிறது. பலகையும் விலையும் மேசையும் மட்டும் அப்படியே இருக்கும். அவர் போய்ச் சேர்ந்த புதுக் கடையோ, எவரும் எழுதாத காரணத்தால், சில மாதங்கள் வரையில் காலியாகவே கிடக்கும். ஆகவே சிறு கடையைப் பற்றி எழுதுகிறவர் தாம் சாப்பிட்ட மாதத்தையும் வருஷத்தையும் கட்டுரையின் தலையிலேயே குறிக்கவேண்டும். கல்லில் நின்றவர் யார் என்று கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் கடைப்பெயரோடு சேர்த்து எழுதவேண்டும். அடுத்த வருஷம் அதே இரவு நேரத்தில் மறுபடி போய், கல்லில் நிற்பவர் அவர்தானா என்று பார்த்துவிட்டு, பழைய வரிகளைத் திருத்தவேண்டியிருந்தால் திருத்தவேண்டும்.